மாதம் பத்தாயிரம் சேமிக்கிறோம், கடன் மட்டும் ஏன் குறையவில்லை?

திருப்பூருக்குப் பக்கத்துச் சிற்றூரில் இருந்து 37 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

தனியார் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருக்கிறார். சம்பளம் 18,000 ரூபாய். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், மாதம் சராசரியாக 30,000 வருகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்ட பிறகு ஆர்டர் குறைந்து, சில மாதங்கள் 22,000-தான் வந்ததாம். ஏழாவது படிக்கும் மகன், 8 வயது மகள், கூடவே மாமியார். வாடகை வீடு.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மாமனாரின் மருத்துவச் செலவுக்காக இவருடைய 12 பவுன் நகையை ஒரு பைனான்ஸ் கம்பெனியில் 2,40,000 ரூபாய்க்கு அடகு வைத்தார்கள். மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி. வட்டியை மட்டும் கட்டி வருடா வருடம் மாற்றி வைக்கிறார்கள். போன தீபாவளி சமயத்தில்தான், வீட்டுக்காரரின் கிரெடிட் கார்டில் 92,000 ரூபாய் பாக்கி இருப்பது தெரியவந்தது. அதற்கு மாதம் 4,600 'மினிமம்' கட்டி வருகிறார். இன்னொரு பக்கம், மாதம் 5,000 ரூபாய்க்குத் தெரு ஏலச்சீட்டு (ஒரு லட்சம், 20 மாதம், 12 முடிந்துவிட்டது), 3,000 ரூபாய்க்கு நகைக்கடைச் சீட்டு, 2,100 ரூபாய்க்கு வீட்டுக்காரர் பெயரில் எல்ஐசி.

"பத்தாயிரத்துக்கு மேல் சேமிக்கிறோம். ஆனாலும் மாசக் கடைசியில் கார்டில்தான் மளிகை வாங்குகிறோம். தப்பு எங்கே? நகையை விற்கலாமா என்றால் மாமியார், வீட்டு லட்சுமியை விற்பதா என்கிறார். கொழுந்தனார் ஓவர்லாக் மிஷின் போட 4 லட்சம் லோன் எடுக்கிறார், என்னை ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். கூட வேலை பார்க்கும் டீச்சர் எஸ்ஐபி (மாதாமாதம் மியூச்சுவல் பண்டில் பணம் போடுவது) ஆரம்பி என்கிறார். மகளுக்கென்று இதுவரை ஒன்றுமே இல்லை."

அன்புள்ள சகோதரிக்கு,

ஒவ்வொரு தொகையையும் தனித்தனியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். கடனில் இருப்பவர்கள் பெரும்பாலும் செய்யப் பயப்படும் வேலை அது. நீங்கள் எழுதிய எண்களிலேயே விடை இருக்கிறது. அவற்றை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

நீங்கள் ஊதாரித்தனமாகச் செலவு செய்யும் குடும்பம் இல்லை. சேமிப்பை ஒரு கணக்காகவும் கடனை வேறொரு கணக்காகவும் மனதில் வைத்திருப்பதுதான் சிக்கல். சீட்டு தவறாமல் கட்டுகிறீர்கள், எல்ஐசி தவறியதில்லை, அதனால் பணம் சேர்கிறது என்ற எண்ணம் வருகிறது. அதே மாதத்தில் வட்டியாகப் போவதைப் பாருங்கள்.

நகைக் கடன் வட்டி 3,600. கார்டில் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம் என்று ஸ்டேட்மென்ட்டில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 92,000-க்கு அது 3,220. அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு உண்டு, அது 580. ஆக 3,800. இரண்டும் சேர்ந்து மாதம் 7,400, ஆண்டுக்கு 88,800 ரூபாய். உங்கள் இருவரின் ஏறக்குறைய இரண்டு மாதச் சம்பளம், எந்த அசலும் குறையாமல், வட்டியாகவே போய்விடுகிறது. சீட்டும் நகைச்சீட்டும் எல்ஐசியும் சேர்ந்து உங்களுக்குச் சம்பாதித்துத் தருவது இதன் பக்கத்தில்கூட வராது. அதனால்தான் மாசக் கடைசியில் மளிகைக்குக் காசு இல்லை.

கார்டை முதலில் நிறுத்துங்கள்

'மினிமம் கட்டிவிட்டால் வட்டி இல்லை' என்று உங்கள் வீட்டுக்காரர் நம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, கடன் பதிவில் தவணை தவறியவர் என்று பெயர் விழாது. அவ்வளவுதான். மீதித் தொகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அவர் கட்டும் 4,600-ல் 3,800 வட்டிக்கும் வரிக்கும் போய், அசலில் கழிவது வெறும் 800 ரூபாய். அந்த மாதமே 1,500 ரூபாய்க்கு மளிகை வாங்கினால் கடன் கூடிவிடும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முழுப் பாக்கியையும் கட்டுபவர்களுக்குத்தான் வாங்கிய பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடைக்கும். பாக்கியை இழுத்துக்கொண்டு போகிறவர் இன்று பெட்ரோல் போட்டால், வட்டி இன்றே தொடங்கிவிடும். ஆகவே, மற்றதெல்லாம் முடிவாகும் வரை அந்தக் கார்டைப் பயன்படுத்துவதை இன்றோடு நிறுத்துங்கள். செல்போன் ஆப்களில் சேமித்து வைத்திருந்தால் அங்கிருந்தும் நீக்கிவிடுங்கள்.

பேங்க்காரர்கள் உங்கள் பள்ளிக்கு வந்துவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். கார்டு அவர் பெயரில் மட்டும் இருக்கிறது, நீங்கள் எங்கும் கையெழுத்துப் போடவில்லை. அப்படியானால் சட்டப்படி அது உங்கள் கடன் இல்லை. மனைவி என்பதற்காக உங்களிடம் வசூலிக்க முடியாது. வசூல் செய்பவர்கள் கடன் வாங்கியவரையே காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பிறகோ போனில் அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 'பாதி கட்டுங்கள், செட்டில்மென்ட் போட்டுவிடலாம்' என்று யாராவது அழைத்தால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். கடன் பதிவேட்டில் 'முடித்தது' என்று இல்லாமல் 'செட்டில் ஆனது' என்று ஏறும். பிறகு வீட்டுக்கடன் கேட்கப் போகும்போது அது இடிக்கும்.

நகையை விற்பது பற்றி

உங்கள் கடிதத்தில் மிகவும் தயங்கி எழுதியிருந்த பகுதி இது. எனக்கு இதில் தயக்கமே இல்லை. 12 பவுனில் 4 பவுனை விற்றுவிடுங்கள் என்றுதான் சொல்வேன்.

நீங்கள் அடகு வைத்த 2022 இறுதியில் சென்னையில் ஒரு பவுன் ஏறக்குறைய 41,000 ரூபாய். 2025 அக்டோபரில் அது 90,000-ஐத் தாண்டியது. வாங்கிய கடன் அதே 2,40,000-தான், ஆனால் பைனான்ஸ் கம்பெனியின் பெட்டியில் இருக்கும் உங்கள் நகையின் மதிப்பு இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. மூன்று ஆண்டுகளில் வட்டியாக மட்டும் 1,29,600 கட்டியிருக்கிறீர்கள். நகையைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து, அசலில் பாதிக்கு மேல் கொடுத்தும் நகை இன்னும் கைக்கு வரவில்லை.

பழைய நகைக்குக் கழிவு போகப் பவுனுக்கு 80,000 கையில் கிடைப்பதாக வைத்துக்கொள்வோம். 4 பவுனுக்கு 3,20,000. இதைக்கொண்டு என்னவெல்லாம் முடியும் என்று கீழே காட்டுகிறேன். ஆனால் நகை அடகில் இருக்கிறதே, எப்படி விற்பது? இங்கேதான் உங்கள் ஏலச்சீட்டு உதவும்.

சீட்டைக் கடைசி மாதத்தில் எடுத்தால் தள்ளுபடி இல்லாமல் முழுசாகக் கிடைக்கும் என்று காத்திருக்கிறீர்கள். வட்டிக்கடன் இல்லாதவர்களுக்கு அது சரியான யோசனை. நீங்கள் இந்த மாத ஏலத்திலேயே, அதாவது 13-ஆவது மாதத்திலேயே, கேட்டு எடுங்கள். 12,000 தள்ளி 88,000 கைக்கு வந்தால்கூடப் பரவாயில்லை. கடைசி மாதம் வரை காத்திருந்தால் அந்த 12,000 மிச்சமாகும், ஆனால் அந்த ஏழு மாதங்களில் இரண்டு கடனுக்கும் சேர்த்து வட்டியாக 50,000-க்கு மேல் போயிருக்கும்.

அந்த 88,000-ல் இதுவரை சேர்ந்த வட்டியைக் கட்டி, மீதி 80,000-ஐ நகைக் கடன் அசலில் செலுத்துங்கள். கடனில் மூன்றில் ஒரு பங்கு அடைவதால், மூன்றில் ஒரு பங்கு நகையான 4 பவுனை விடுவிக்கக் கேட்கலாம். 12 பவுனும் ஒரே ரசீதில் இருந்தால் 'பகுதி கொடுக்க முடியாது' என்பார்கள். அப்போது கடனை முடித்து, அதே நேரத்தில் 8 பவுனை மட்டும் 1,60,000-க்கு மறுபடி வைத்ததாகக் கணக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். இப்படிச் செய்வது வழக்கத்தில் உள்ளதுதான், மேனேஜரிடம் நேரில் பேசுங்கள்.

கைக்கு வந்த 4 பவுனை விற்ற 3,20,000-ல், நகைக் கடனில் மீதி 1,60,000-ஐ அடைத்து 8 பவுனையும் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். கார்டில் 92,000 முழுவதையும் கட்டுங்கள். 68,000 மிஞ்சும். சீட்டை எடுத்துவிட்டதால் அதில் பாக்கியுள்ள ஏழு தவணை, 35,000 ரூபாய், இனி உங்களுக்குக் கடன்தான். அதைத் தனியாக எடுத்து வையுங்கள். 33,000 கையில் நிற்கும். இதெல்லாம் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் நடக்கக்கூடியது.

விற்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். குறைந்தது மூன்று கடைகளில் விலை கேளுங்கள். தர சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள், எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள், பணத்தை உங்கள் வங்கிக் கணக்குக்கே போடச் சொல்லுங்கள். கல் வைத்த நெக்லஸுக்குக் கழிவு அதிகம். உடைந்த வளையல், பழைய செயின் போன்றவற்றை விற்பது நல்லது. 'அடகில் இருக்கும் நகையை நாங்களே மீட்டு விற்றுத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களிடம் போக வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. விற்ற லாபத்துக்கு வருமான வரி உண்டு. உங்கள் வருமான அளவில் அது பூஜ்யமாகவோ சிறு தொகையாகவோதான் இருக்கும், ஆனாலும் ரசீதுகளைப் பத்திரப்படுத்தி ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மாமியாரின் மனதையும் நான் அலட்சியம் செய்யவில்லை. அவருடைய கணவரின் வைத்தியத்துக்காகத்தான் உங்கள் நகை போனது, அந்தப் பாரமும் அவருக்கு இருக்கும். '4 பவுனை விற்கப் போகிறேன்' என்று தொடங்காதீர்கள். '8 பவுன் அடுத்த மாதம் வீட்டுக்கு வரும்' என்று தொடங்குங்கள். இரண்டும் ஒரே உண்மைதான். வட்டி கட்டத் தவறினால் ஏலத்துக்குப் போகும் அபாயம் 12 பவுனுக்கும் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

கூடவே, உங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. உங்கள் கல்யாண நகை சட்டப்படி உங்கள் தனிச் சொத்து. விற்கச் சொல்லியோ விற்காதே என்றோ யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கார்டு பாக்கியை உங்கள் நகையால் அடைப்பது நீங்கள் மனமுவந்து செய்யும் உதவி, கடமை இல்லை. கோபம் இன்னும் ஆறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், இப்படி மறைத்தால் யாருக்குத்தான் வராது? ஆனால் பாக்கித் தொகை எதற்குச் செலவானது என்று பார்த்தேன். ஸ்கூல் பீஸ், மளிகை, வண்டி ரிப்பேர். சம்பளம் குறைந்ததை வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு கார்டில் ஓட்டியிருக்கிறார் என்று தோன்றுகிறது. இனி ஸ்டேட்மென்ட் உங்கள் மெயிலுக்கும் வர வேண்டும், மிச்சமாகும் பணம் உங்கள் பெயரில் சேர வேண்டும் என்ற இரண்டையும் பேசி முடிவு செய்துகொண்டு கட்டுங்கள்.

விற்க மனமே வரவில்லை என்றால் இரண்டாவது வழி ஒன்று உண்டு. நகைக் கடனை வங்கிக்கோ உங்கள் ஊர்த் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்கோ மாற்றுங்கள். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் கிடைத்தால் மாதம் 3,600 கட்டும் இடத்தில் 2,000 போதும். கார்டு பாக்கியை வங்கியிடம் பேசி இஎம்ஐ-யாக மாற்றினால் வட்டி பாதிக்கும் கீழே வரலாம். இந்த வழியில் கடன் தீர மூன்று ஆண்டுகளாவது ஆகும். நான் முதல் வழியைத்தான் விரும்புகிறேன்.

ஜாமீன் கையெழுத்து வேண்டாம்

'சும்மா சாட்சிக் கையெழுத்து மாதிரிதான்' என்று கொழுந்தனார் சொல்கிறாராம். அவர் தெரிந்தே ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 128-ன்படி கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு பொறுப்பு. முதலில் அவரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வர வேண்டும் என்பதும் இல்லை. நேராக உங்களிடமே கேட்கலாம். 4 லட்சத்துக்கும் நீங்கள் பொறுப்பு, உங்கள் கடன் பதிவிலும் அது தெரியும், நினைத்தபோது விலகவும் முடியாது. மாதம் 18,000 சம்பளத்தில் இந்தப் பாரத்தை ஏற்க உங்களால் இயலாது.

உறவு முறியாமல் மறுக்க வேண்டும், அதுதானே கவலை? பொய்க் காரணம் சொல்லாதீர்கள். 'எங்கள் கடனையே இப்போதுதான் அடைக்கிறோம், இந்த நிலையில் கையெழுத்துப் போட முடியாது' என்று வீட்டுக்காரரே தம்பியிடம் சொல்லட்டும். அதோடு நிறுத்தாமல் அவருக்கு வழியும் காட்டுங்கள். மத்திய அரசின் முத்ரா திட்டத் தொழில் கடனுக்கு அடமானம் தேவையில்லை, அவர் கேட்கும் 4 லட்சம் அதன் வரம்புக்குள் வருகிறது. திருப்பூர் மாவட்டத் தொழில் மையத்தில் மானியத்தோடு கூடிய தொழில் கடன் திட்டங்களும் உண்டு. ஒரு நாள் அவருடன் போய் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். ஆசிரியையான உங்களால் தரக்கூடிய நல்ல உதவி அது.

நகைச்சீட்டு, எல்ஐசி, எஸ்ஐபி

ஆண்டுக்கு 18 சதவீத வட்டிக்கு 12 பவுனை அடகில் வைத்துவிட்டு, கடையில் மாதம் 3,000 கட்டி இன்னும் அரைப் பவுனுக்கும் குறைவான தங்கத்துக்குக் காத்திருப்பது சரியில்லை. 5 மாதம் கட்டியிருக்கிறீர்கள். பெரும்பாலான கடைகள் பாதியில் நிறுத்தினால் பணமாகத் தருவதில்லை, அதனால் மீதி ஆறு மாதத்தையும் கட்டி முடியுங்கள். அடுத்த சீட்டில் சேராதீர்கள். நகைக்கடைச் சீட்டுக்கு வங்கி டெபாசிட் போல 5 லட்சம் வரையிலான காப்பீடு கிடையாது. கடை மூடினால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். தெரு ஏலச்சீட்டும் பதிவில்லாதது என்று எழுதியிருக்கிறீர்கள். 1982-ஆம் ஆண்டு சிட் பண்ட் சட்டப்படி பதிவு செய்யாத சீட்டை நடத்துவதே குற்றம். சீட்டு நடத்தும் அக்கா நல்லவர் என்பது பாதுகாப்பு ஆகாது. இதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

எல்ஐசியை இப்போது தொடாதீர்கள். ஏழு வருடம் கட்டிய பாலிசியைச் சரண்டர் செய்தால் கட்டியதைவிடக் குறைவாகத்தான் வர வாய்ப்பு அதிகம். ஆனால் அதைச் சேமிப்பு என்று நினைப்பதை விட்டுவிடுங்கள். எனக்கு அதில் பெரிய கவலை வேறு. அந்த பாலிசியின் காப்பீட்டுத் தொகை 5 லட்சம். வீட்டுக்காரருக்கு ஏதாவது ஆனால், இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் இருக்கும் குடும்பம் அதை வைத்து எத்தனை நாள் ஓடும்? கடன் அடைந்த முதல் மாதமே அவர் பெயரில் 50 லட்சத்துக்கு ஒரு டேர்ம் பாலிசிக்கு (சேமிப்பு கலக்காத, இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) விண்ணப்பியுங்கள். அது கைக்கு வந்த பிறகு இந்தப் பழைய பாலிசியைத் தொடர்வதா, இனி பிரீமியம் கட்டாமல், குறைந்த காப்பீட்டோடு ஓடும் பெய்ட்-அப் பாலிசியாக மாற்றுவதா என்று யோசிக்கலாம். அதற்கு முன்பாக, இந்த வாரமே வங்கியில் இருவரும் இரண்டு அரசுத் திட்டங்களில் சேருங்கள். ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடு, 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடு.

எஸ்ஐபி சொன்ன உங்கள் சக ஆசிரியை தப்பான யோசனை சொல்லவில்லை, உங்கள் கார்டு பாக்கி அவருக்குத் தெரியாது. பங்குச்சந்தையில் 12 சதவீதம் வரலாம், வராமலும் போகலாம். கார்டுக்கு நீங்கள் கட்டும் வட்டி ஆண்டுக்கு 42 சதவீதம், அது நிச்சயம் போகும் பணம்.

கடன் அடைந்த பிறகு

மாதம் 8,200 ரூபாய் (3,600-ம் 4,600-ம்) விடுபடும். இதில் கார்டு இல்லாமல் மளிகைக்கு 2,500 ஒதுக்கிவிடுங்கள். அதை ஒதுக்காமல் விட்டால் மறுபடி கார்டுக்கே போவீர்கள். சீட்டுக்குக் கட்டிவந்த 5,000-க்கான தொகை ஏற்கெனவே தனியாக இருப்பதால் அதுவும் மிஞ்சும். ஆக ஏறக்குறைய 10,000 கையில் நிற்கும். முதலில் இது முழுக்க அவசரப் பணத்துக்கு. கையிலிருக்கும் 33,000-ஓடு சேர்த்து, மூன்று மாதச் செலவுக்கான ஒரு லட்சம் ஏழெட்டு மாதத்தில் சேரும். பனியன் கம்பெனியில் வேலை ஆர்டரைப் பொறுத்தது என்பதை 2025 நன்றாகவே காட்டிவிட்டது. அந்தப் பணம் வங்கியில் உங்கள் பெயரில், உடனே எடுக்கும்படி இருக்கட்டும். டேர்ம் பிரீமியம் இடையில் வந்தால் இதிலிருந்தே கட்டுங்கள்.

மகளுக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம். செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் பெண் குழந்தைக்கு 10 வயது ஆவதற்குள் கணக்குத் தொடங்க வேண்டும், அவளுக்கு 8 முடிந்துவிட்டது. தபால் நிலையத்தில் 250 ரூபாய் போட்டு இந்த மாதமே தொடங்குங்கள். ஆண்டுக்கு 250 கட்டினாலே கணக்கு உயிரோடு இருக்கும். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது, 2024 ஜனவரியில் 8.2 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அவசரப் பணம் சேர்ந்த பிறகு மாதம் 3,000 அதில் போடலாம். எஸ்ஐபி-யும் அப்போது, மகனின் கல்லூரிக்கு என்று 2,000-ல் தொடங்கினால் போதும்.

வீட்டுக்காரரிடம் அவருடைய பிஎப் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். கம்பெனி மாறும்போது பழைய கணக்கை அப்படியே விட்டுவிடும் பழக்கம் உங்கள் ஊர்ப்பக்கம் அதிகம். அங்கே சில ஆயிரங்கள் கிடக்கலாம்.

பைனான்ஸ் கம்பெனியில் கடன் முழுவதும் தீர்ந்தபின் நகையைத் தர இழுத்தடித்தால் பயப்படாதீர்கள். 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டிய ரிசர்வ் வங்கி விதிகளின்படி, அன்றே அல்லது அதிகபட்சம் 7 வேலை நாட்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். கம்பெனியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.